பெட்டியோடு புறப்படும் பிள்ளைகளுக்கு

(பங்கின் பொன்விழா ஆண்டு மாணவர் தினத்தன்று, மாலைத் திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் பங்குத் தந்தை அவர்கள் ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



காலையிலிருந்து இந்த மேடையில் வாழ்த்துரைகள் பல கேட்டுவிட்டோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பங்கு இன்று கோபுரத்தோடு நிற்கிறது என்று பேசியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் என் கண்ணுக்குக் கோபுரத்தைவிட இந்த முன்வரிசைதான் பெரிதாகத் தெரிகிறது. இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் பாதிக்கு மேற்பட்டோர், உங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவர்கள். அண்ணனைக் கேட்டுக்கொள்ளலாம், அக்காளைக் கேட்டுக்கொள்ளலாம் என்ற வசதி உங்களுக்கு இல்லை. ஆகவே, மூத்தவன் என்ற முறையில் நாலு செய்தி சொல்வதற்காகத்தான் இந்த அரைமணி நேரத்தை விழாக் குழுவினரிடம் கேட்டு வாங்கினேன். பிரசங்கம் பூசையிலேயே முடிந்துவிட்டது, பயப்பட வேண்டாம்.

விவிலியத்தில் பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிற வீடு ஒன்று உண்டு. அது தோபித்தின் வீடு. பார்வையிழந்த தந்தை, தொலைதூர நாட்டில் கொடுத்துவைத்த பணத்தை வாங்கிவரும்படி ஒரே மகனை அனுப்புகிறார். நம்பிக்கையான வழித்துணை ஒருவரைத் தேடிக்கொள் என்கிறார்; அந்தத் துணைக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி என்று பேசி முடிக்கிறார். வந்தவர் வானதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. தாய் அன்னாவோ அழுகிறாள். பணம் பெரிதா, பிள்ளை பெரிதா என்று கணவனைக் கடிந்துகொள்கிறாள். மகன் திரும்பி வர நாளானபோது, அவன் போன வழியையே தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற திங்கட்கிழமை நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் இதே காட்சியைத்தான் காணப் போகிறோம். தோபியாவின் நாய்கூடப் பின்னாலேயே போயிற்றாம். நம் ஊரிலும் அதற்குக் குறைவில்லை.

முதலில் பெட்டிக்குள் இருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முறுக்கும் அதிரசமும் அம்மா வைத்துவிடுவார்கள். நீ வைக்க வேண்டியது காகிதங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றில் தலைக்குப் பத்து நகல் எடுத்துத் தனி உறையில் போட்டுக்கொள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. கேட்டு வாங்குவதில் தவறில்லை, பணிவாகக் கேள். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்குக் கலந்தாய்வு மூலம் போகிறவர்கள், வீட்டில் வேறு பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை மறந்துவிடாதீர்கள். கட்டணச் சலுகை அதில்தான் இருக்கிறது.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், ஆதி திராவிடராய் இருந்து கிறிஸ்தவரான நம் மக்களுக்கு அட்டவணைச் சாதியினரின் உரிமைகள் கிடைக்காமல் போயின. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் ஆதி திராவிடர் நலத்துறை வழியாக, மதம் மாறிய கிறிஸ்தவ மாணவர்களுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை வழங்கப்பட்டு வருகிறது. இது தெரியாமலே மூன்றாண்டு முழுக் கட்டணம் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்காக 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்காக 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கப்பட்டன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பின்னர் சேர்த்தார்கள். கல்லூரி அலுவலக ஜன்னலில் போய் நின்று, "எனக்கு எது உண்டு சார்?" என்று கேட்க வேண்டும். ஜன்னல் தானாகக் கூப்பிடாது.

நிற்க. காகிதம் இருந்தால் சேர்ந்துவிடலாம். சேர்ந்தபின் படிப்பை முடிப்பதுதான் கடினம். நான் குருவான இத்தனை ஆண்டுகளில், கல்லூரிக்குப் போய்ப் பாதியில் திரும்பிய பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அறிவு போதாமல் திரும்பியவர்கள் சொற்பம். முதலில் ஒரு சிறு சறுக்கல் நேர்ந்திருக்கும். அதை வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க வேறொன்று என்று போய், கடைசியில் சறுக்கலைவிட மறைப்பு பெரிதாகி ஆளையே விழுங்கியிருக்கும். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ் வழியில் படித்து, தகர டிரங்குப் பெட்டியோடு குருமடத்தில் நுழைந்தவன் நான். மெய்யியல் வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும். ஆசிரியர் நகைச்சுவை சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாக நானும் சிரிப்பேன். மூன்று மாதம் இப்படியே சிரித்தேன். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் "நான் நலம், படிப்பும் நலம்" என்றே எழுதினேன். ஒருநாள் வயதான பேராசிரியத் தந்தை ஒருவர் என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு இருந்தது. தலைப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. எனக்குக் கால் நடுங்கியது. ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதை ஏன் முதல் வாரமே வந்து சொல்லவில்லை?" அன்றிலிருந்து தினமும் இரவுச் செபத்துக்கு முன் ஒரு பத்தி ஆங்கிலம் அவர் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும், படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். ஓராண்டு படித்தேன். இன்றும் என் ஆங்கிலம் பிரமாதமில்லை; ஆனால் சிரிப்பில் தாமதமில்லை.

உங்களில் தமிழ் வழியில் படித்தவர்கள் இதே அனுபவத்தை முதல் வாரமே அடைவீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண், முதல் நாள் வேதியியல் வகுப்பிலிருந்து வந்து கழிவறையில் அழுவாள். அழட்டும், அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு ஆசிரியரிடம் போகட்டும். பாடம் உனக்குத் தெரியும், சொற்கள்தான் புதியவை. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் நீ பள்ளியில் படித்த தமிழ்ச் சொல் என்று எழுதிக்கொண்டே வந்தால், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் முக்கால்வாசி சொற்கள் பழகிவிடும். புனித இஞ்ஞாசியார் இலத்தீன் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 33. போரில் குண்டடிபட்டுக் காலுடைந்த வீரர், பார்சலோனாவில் சிறு பையன்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து வினைச்சொற்களை மனனம் செய்தார். உனக்கு வயது பதினேழு. வெட்கப்பட என்ன இருக்கிறது?

அடுத்தது வருகைப் பதிவு. பெரும்பாலான கல்லூரிகளில் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் இருந்தாக வேண்டும். அதாவது கைவசம் 22 நாள். கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். வாராவாரம் ஊருக்கு வருகிறவன் திங்கட்கிழமைக் காலைப் பேருந்தைத் தவறவிட்டாலே பருவத்துக்குப் பதினைந்து நாள் போயிற்று. மீதி ஏழில் சித்தப்பா மகள் கல்யாணம், நம் ஊர்த் திருவிழா, ஒரு காய்ச்சல். முடிந்தது. ஆகவே முதல் மாதத்திலிருந்தே வராத நாட்களை நீயே ஒரு நாட்குறிப்பில் குறித்துவை. ஊர்த் திருவிழாவுக்குத் தேர் இழுக்க வரவில்லையே என்று யாராவது குறை சொன்னால், சாமிதான் வர வேண்டாம் என்றார் என்று சொல்லிவிடு. தேரை நாங்கள் இழுத்துக்கொள்கிறோம்.

இனி நான் சொல்லப் போவது எனக்கே பாரமான செய்தி. முன்பு நான் இருந்த ஒரு பங்கில் நடந்தது. ஊரையும் பேரையும் கேட்க வேண்டாம்.

பீடச்சிறுவனாக இருந்து வளர்ந்த பையன். தகப்பனார் கொத்தனார் வேலை. பையன் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் இளம் அறிவியல் சேர்ந்தான். முதல் பருவத்தில் மூன்று தாள் போயிற்று. வீட்டில் கேட்டபோது "எல்லாம் பாஸ்" என்றான். இந்தச் சொல்லைச் சொன்னபோது அவன் பெரிய பொய்காரன் அல்ல. அடுத்த பருவத்தில் எழுதிவிடலாம், எதற்கு அப்பாவை வருத்துவானேன் என்ற நல்லெண்ணம்தான். அரியர் தாளுக்குத் தேர்வுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். அதைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடுமே என்று புத்தகம் வாங்க வேண்டும் என்று பணம் வாங்கினான். அடுத்த பருவத்தில் பழைய தாளும் புதிய தாளும் சேர்ந்துகொண்டன. மூன்றாம் ஆண்டில் ஒன்பது தாள் நிலுவை. காலையில் டிபன் டப்பாவோடு கிளம்புவான்; கல்லூரிக்குப் போகாமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் வருவான். தகப்பனாரோ பட்டமளிப்பு விழாவுக்கென்று புது வேட்டி வாங்கி வைத்திருந்தார்.

இதற்கு நடுவில் ஒருநாள், திருவிழா நவநாட்களில், இரவு ஒன்பது மணியிருக்கும், அந்தப் பையன் பங்குமனை வராந்தாவில் வந்து நின்றான். நான் மேசை நிறைய ரசீதுப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு பந்தல்காரர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாமி, கொஞ்சம் பேசணும்" என்றான். நான் தலையைத் தூக்காமலே, "திருவிழா முடியட்டும்டா, அப்புறம் வா" என்றேன். சற்று நேரம் நின்றான். பிறகு, "சரிங்க சாமி, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திருவிழா முடிந்தது. அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, மறந்தே போனேன். நாலைந்து மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அவன் தாயார் தலைவிரி கோலமாக ஓடி வந்தார்கள். பையனைக் காணோம், கைப்பேசி அணைந்திருக்கிறது. ஆறும் கிணறும் தேடினோம். அந்த மூன்று நாள் நான் வைத்த பூசையில் என் வாய் செபித்தது. மனமெல்லாம் அந்த வராந்தாவில்தான் நின்றது. நாலாம் நாள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று தகவல் வந்தது. கடவுள் காப்பாற்றினார். எல்லா வீட்டுக்கும் அந்தத் தகவல் வந்து சேர்வதில்லை என்பதை நீங்களும் செய்தித்தாளில் படிக்கிறீர்கள்.

கணக்கு அன்று சரியாகத்தான் வந்தது. அந்தக் கணக்கு நோட்டு இன்று எங்கிருக்கிறதோ தெரியாது. நான் தலையைத் தூக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்று தாள் போனால் மூன்று தாள்தான் போகிறது. உயிர் போகவில்லை, மானம் போகவில்லை. போன தாளை எழுத அடுத்த பருவத்தில் வாய்ப்பு வருகிறது. உள்மதிப்பீடு என்று பல கல்லூரிகளில் 25 மதிப்பெண் ஆசிரியர் கையிலேயே இருக்கிறது. ஒப்படைப்புகளை நாளுக்குக் கொடுத்து, மாதத் தேர்வுகளை ஒழுங்காக எழுதினால் பாதிப் பளு அங்கேயே குறையும். தேர்வு முடிவு வந்த அன்றே, அந்த மாலையிலேயே, வீட்டில் யாராவது ஒருவரிடம் சொல்லிவிடு. அப்பாவிடம் சொல்லப் பயமென்றால் தாய்மாமனிடம் சொல், அத்தையிடம் சொல். யாருமில்லையென்றால் என்னிடம் சொல்.

பகடிவதைக்கும் இதே பேச்சுத்தான். இது இன்று நேற்று வந்ததல்ல. புனித அகுஸ்தினார் 371-ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரில் மாணவராக இருந்தபோதே, "கவிழ்ப்போர்" என்ற பெயரைப் பெருமையாகச் சூட்டிக்கொண்ட ஒரு கூட்டம் புதிய மாணவர்களைக் கேலி செய்து வதைத்ததாக எழுதியிருக்கிறார். தாம் அவர்களோடு பழகியதையும், அவர்கள் செய்கையை வெறுத்ததையும், ஆனாலும் அப்படிச் செய்ய முடியவில்லையே என்று உள்ளுக்குள் வெட்கப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. நம் நாட்டில் 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் விடுதியில் கொல்லப்பட்டார். அந்தக் கொடுமையின் பின்னரே 1997-இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம். 2009-இல் மானியக் குழுவும் விதிகள் வகுத்தது; சேரும்போது நீங்களும் பெற்றோரும் கையெழுத்திடும் உறுதிமொழி அதிலிருந்து வந்ததே. 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கேட்டால் சொல்லலாம்; அடித்தால், அவமானப்படுத்தினால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் நாள் இரவே விடுதிக் காப்பாளரிடம் போ. அடுத்த ஆண்டு நீயே மூத்த மாணவனாகும்போது, இன்று எழுதிக்கொண்ட எண்ணை உன்மேல் இன்னொருவன் அழைக்கும்படி வைத்துக்கொள்ளாதே.

விடுதி அறையில் யாரோடு போடுவார்கள் என்பது உன் கையில் இல்லை. 1529-இல் பாரிஸ் நகரில், புனித பார்பரா கல்லூரியில் ஓர் அறையில் மூன்று பேர் தங்கியிருந்தார்கள். ஒருவர் ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளை பீட்டர் ஃபேபர். இன்னொருவர் நவார் நாட்டுப் பிரபு வீட்டுப் பிள்ளை பிரான்சிஸ். மூன்றாமவர், இவ்விருவரையும்விடப் பதினைந்து வயது மூத்த இஞ்ஞாசியார். ஃபேபர் அவருக்கு அரிஸ்டாட்டில் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார். பிரான்சிசுக்கு முதலில் இந்தக் கிழட்டு மாணவரைப் பிடிக்கவேயில்லை. அந்தப் பிரான்சிஸ்தான் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக் கரையில் வந்திறங்கிய சவேரியார். ஓர் அறையில் யாரை யாரோடு படுக்கப்போட்டார்கள் என்பதிலிருந்து நம் கடற்கரையின் வரலாறு தொடங்கியிருக்கிறது!

அப்துல் கலாம் அவர்களைக் குறிப்பிடாத மாணவர் தின உரை கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். திருச்சி புனித வளனார் கல்லூரி விடுதியில் அவரோடு அறையில் இருந்தவர்கள் திருவரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். இராமேசுவரத்து முஸ்லிம் பிள்ளை அவர்களோடு மகிழ்ச்சியாக இருந்ததாகவே எழுதியிருக்கிறார். இன்றைய விடுதிகளில் முதல் நாளே, "எந்த ஊர்?" என்று கேட்டு, "ஊரில் எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி கேட்கிற பழக்கம் இருக்கிறது. தெருவைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொண்டு கூட்டம் சேர்க்கிறார்கள். இந்தக் கேள்வியை விடுதி மாணவர்கள் எங்கே கற்றார்கள் என்று நாம் ஆச்சரியப்பட வேண்டாம். ஐம்பது ஆண்டுப் பங்கு வரலாற்றில், கல்லறைத் தோட்டத்தில்கூடத் தெருக் கணக்குப் பார்த்த நாட்கள் நமக்கும் உண்டு. மலரில் அது அச்சாகாது. ஆனால் பெரியவர்களுக்குத் தெரியும். என் பிள்ளைகளே, உங்களிடம் யாராவது கேட்டால் ஊரைச் சொல்லுங்கள். தெருவை நீங்கள் யாரையும் கேட்காதீர்கள்.

பணத்தைப் பற்றி. இஞ்ஞாசியார் பாரிசுக்கு வந்தபோது, பார்சலோனா நண்பர்கள் கொடுத்த பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கும்படி தம்மோடு தங்கியிருந்த ஸ்பானியர் ஒருவரிடம் கொடுத்தார். அந்த மனிதர் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டார். இஞ்ஞாசியார் பிச்சையெடுத்து, தூரத்தில் ஒரு தரும விடுதியில் தங்கி, அதன் கதவு திறக்கும் நேரத்துக்கும் வகுப்பு நேரத்துக்கும் பொருந்தாமல் காலை வகுப்பை இழக்க வேண்டியதாயிற்று. புனிதர்களும் பணவிஷயத்தில் ஏமாந்திருக்கிறார்கள். பிறகு அந்த ஸ்பானியர் ரூவான் நகரில் நோயாய்க் கிடந்தபோது வெறுங்காலோடு நடந்து போய் அவரைப் பார்த்து உதவியவரும் இஞ்ஞாசியார்தான். மன்னிக்கத் தெரிந்திருந்தது. நீங்களும் மன்னியுங்கள்; ஆனால் ஏ.டி.எம். அட்டையைக் கொடுக்காதீர்கள்!

வேடிக்கையாகச் சொல்லவில்லை. உன் பெயரில் கணக்குத் தொடங்கிப் புத்தகத்தையும் அட்டையையும் கொடு, ஐயாயிரம் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கல்லூரி வாசல்களில் ஆட்கள் வருகிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். காவல்துறை தேடி வருவது கணக்குக்குரிய மாணவனை. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளும் அப்படித்தான். வாங்கியது மூவாயிரமாக இருக்கும், உன் கைப்பேசியிலுள்ள அத்தனை எண்களுக்கும் உன்னைப் பற்றி அசிங்கமாகச் செய்தி போகும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்தது. உண்மையாகவே கல்விக்குப் பணம் வேண்டுமானால் வங்கியில் கல்விக் கடன் இருக்கிறது. வங்கிகளின் மாதிரித் திட்டப்படி நான்கு இலட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை, பெற்றோர் கையெழுத்துப் போதும். ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணில் அன்றே புகார் செய்யுங்கள். நேரம் கடந்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

விடுதி உணவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த விடுதிச் சாம்பாரும் அம்மா சாம்பார் ஆகாது. செலவைத் தலைக்கு வகுக்கும் முறையுள்ள விடுதியில், ஊருக்குப் போகுமுன் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனால் விதிப்படி கழிவு கிடைக்கும். எழுதாமல் போனால் நீ உண்ணாத சோற்றுக்கு உன் அப்பா காசு கட்டுவார். காலை உணவை மட்டும் தவிர்க்காதே.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. இது பையன்களுக்கும் பொருந்தும். நட்பைப் பற்றி நான் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் பகிர்ந்துகொண்ட ஒரு படத்தை வைத்து எவனாவது மிரட்டினால், அவனுடைய பலமெல்லாம் நீ வீட்டில் சொல்ல மாட்டாய் என்ற நம்பிக்கைதான். சொன்ன நிமிடத்தில் பாதிப் பலம் போய்விடும். படத்தைக் கொடுத்தது விவேகக் குறைவாக இருக்கலாம், மிரட்டுவது குற்றம். பெண்களுக்கான 181-ஐ அழைக்கலாம். மடத்துச் சிஸ்டர்களிடம் வரலாம். "ஏன் கொடுத்தாய்?" என்று அவர்கள் முதல் கேள்வியாகக் கேட்கமாட்டார்கள். நான் அவர்களிடம் பேசிவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போ என்று சொல்லாமல் விட்டால் நான் பங்குச்சாமி இல்லை. போன முதல் ஞாயிறே பக்கத்திலுள்ள ஆலயத்தைக் கண்டுபிடி. பூசை முடிந்தவுடன் ஓடாமல் அந்தப் பங்குத் தந்தையிடம் போய், இன்ன ஊர், இன்ன கல்லூரி என்று சொல்லிவிட்டு வா. ஐக்கஃப் இயக்கம் உள்ள கல்லூரியென்றால் சேர்ந்துகொள். புத்தி சொல்ல அல்ல. வெளியூரில் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொண்டுவர நாலு பேர் வேண்டும், அதற்காக. மனம் பாரமாகித் தூக்கம் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிற நாள் யாருக்கும் வரலாம்; செபம் போதாது என்று பொருளல்ல, உடம்புக்கு வருவதுபோல் மனத்துக்கும் நோய் வரும். 14416 என்ற அரசு எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரே, இவ்வளவு நேரம் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினேன். இனி உங்கள் பக்கம். சென்னைக் குரோம்பேட்டையில் பொறியியல் படிக்கக் கலாம் அவர்களுக்குப் பணம் வேண்டியிருந்தபோது, அவருடைய அக்காள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். நம் தாய்மார்களில் எத்தனை பேர் இந்த மாதம் வெறுங்கழுத்தோடு பூசைக்கு வந்தீர்கள் என்பதை நான் பீடத்திலிருந்து பார்த்தேன். அந்தத் தியாகம் பெரிது. ஆனால் அதைத் தினமும் தொலைபேசியில் சொல்லிக் காட்டாதீர்கள். "உனக்காகத் தாலிச் சங்கிலியை வைத்திருக்கிறேன்" என்று வாரம் இருமுறை கேட்கிற பிள்ளை, மூன்று தாள் போனதை எந்த வாயால் சொல்லும்?

ஊதாரி மகன் வீடு திரும்புகையில், என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறான். என்னை உம் கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது அவன் தயாரித்த கடைசி வாக்கியம். லூக்கா நற்செய்தியைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்தை அவன் சொல்வதேயில்லை. அதற்குள் தகப்பன் பேச்சில் குறுக்கிட்டு, ஆடை கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று வேலைக்காரரை விரட்டத் தொடங்கிவிடுகிறான். உங்கள் பிள்ளை தொலைபேசியில், "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று இழுத்தால், திட்டுவதை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள். அன்று, "சாப்பிட்டியா? சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். திட்ட வேண்டியது திட்டத்தான் வேண்டும். அது நேரில் வரும்போது.

அந்தக் கொத்தனார் அப்படித்தான் செய்தார். திருப்பூருக்கு என்னையும் அழைத்துப் போனார். வழி முழுக்க மகனை வைதுகொண்டே வந்தவர், அவனைக் கண்டதும் புது வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இளைச்சுப் போயிட்டியேடா" என்றார். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. "பரவாயில்லைங்க சாமி, நீங்க அப்ப வேலையா இருந்தீங்க" என்றான். பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு அறிவித்தபோது, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஏழு தாள் எழுதித் தேறினான். இன்னும் இரண்டு பாக்கி. இந்தப் பொன்விழாவுக்கு வாழ்த்து அனுப்பியவன் அதையும் எழுதியிருக்கிறான்: "அந்த ரெண்டு பேப்பர் அப்படியே இருக்கு சாமி, வேண்டிக்கோங்க."

கடைசியாக அறிவிப்பு. விடுதிக்குப் போகிறவர்கள் வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சான்றிதழ்களோடு பங்குமனைக்கு வாருங்கள். நம் பங்கில் ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் அண்ணன், அக்காள்மார் ஆறு பேரை வரச் சொல்லியிருக்கிறேன். யார் எந்தக் கல்லூரிக்குப் போகிறார்களோ அவர்களுக்கு வழித்துணையாக ஒருவரை ஒப்படைப்போம். நாளுக்கு ஒரு திராக்மா கூலி கிடையாது. என் தொலைபேசி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேலும் கூப்பிடலாம். நேரில் வந்தால், நான் திருவிழாக் கணக்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாலும், "சாமி, கணக்கை மூடுங்க" என்று சொல்லிவிட்டு எதிரே உட்காருங்கள். நகல் எடுக்க இருபது ரூபாயும், புகைப்படம் இரண்டும் மறக்காமல் கொண்டுவரவும்.